அப்பா ஏ, அம்மா பி, குழந்தை ஓ!

பக்கத்து ஸீட்காரர் இரண்டு நாளாக டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. கொண்டுவந்ததை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் டப்பாவே வரவில்லை. கேன்டீனுக்குத் தள்ளிக்கொண்டு போய் விசாரித்தேன்.

பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். யு.கே.ஜி. படிக்கும் மகளின் ஸ்கூல் ஐடென்டிட்டி கார்டு. போட்டோவுக்குக் கீழே ‘ரத்த வகை: ஓ பாசிட்டிவ்’.

“நான் ஏ. அவ பி. குழந்தை ஒண்ணு ஏ-யா இருக்கணும், இல்லே பி-யா இருக்கணும். ஓ எங்கேர்ந்து ஸார் வந்தது?”

வீட்டில் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம். பேச்சை நிறுத்திவிட்டாராம். அந்த அம்மாள் என்ன குற்றம் என்றே தெரியாமல் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்!

கையிலிருந்த சர்க்குலரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் படம் வரைய ஆரம்பித்தேன்.

ரத்த வகை விஷயத்தில் நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு சீட்டு இருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, இன்னொன்று அம்மா கொடுத்தது. ஏ சீட்டும் பி சீட்டும் சத்தம் போடுகிற ஜாதி. இரண்டும் சேர்ந்தால் இரண்டுமே கத்தும், அதுதான் ஏபி. ஓ சீட்டு வாயே திறக்காது. கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா மாதிரி. ஒருவரிடம் ஏ ஒன்று, ஓ ஒன்று இருந்தால் லாபில் ‘ஏ’ என்றுதான் எழுதித் தருவார்கள். சித்தப்பா உள்ளே இருப்பது தெரியாது.

ரத்தத்தில் இந்த வகைகள் இருப்பதை 1901-ல் சொன்னவர் லான்ட்ஸ்டைனர். வகை வகையாக அது பரம்பரையில் இறங்கும் கணக்கை 1924-ல் சரியாகப் போட்டவர் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மானியர். டாக்டர் இல்லை, கணித வாத்தியார்!

“உங்க அம்மாவுக்கு என்ன க்ரூப்?”

யோசித்தார். “கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணினப்போ கேஸ் ஷீட்ல ஓ பாசிட்டிவ்னு போட்டிருந்தது.”

“ஓ-காரங்ககிட்ட இருக்கிறது ரெண்டுமே ஓ சீட்டு. அம்மா உங்களுக்குக் கொடுத்தது ஓ-வாத்தான் இருக்கணும். அப்போ நீங்க வெளியிலே ஏ, உள்ளே ஓ. உங்க சம்சாரமும் வெளியிலே பி, உள்ளே ஓ. ஆளுக்கு ஒரு ஓ கொடுத்தீங்க. பொண்ணு ஓ!”

இப்படிப்பட்ட ஜோடிக்கு ஏ, பி, ஏபி, ஓ நாலில் எது வேண்டுமானாலும் பிறக்கலாம். ஒவ்வொரு பிரசவத்திலும் ஓ வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே அடுத்த சந்தேகம்: “நான் ஏபி-யா இருந்திருந்தா?”

ஏபி-காரரிடம் ஓ சீட்டே கிடையாது. ஓ குழந்தை பிறக்காது என்றுதான் அட்டவணை சொல்லும். அப்போதும் சண்டைக்குக் கிளம்புமுன் இன்னொரு லாபில் டெஸ்ட் பண்ணுவது உத்தமம். அதன் பிறகும் ஒரு பம்பாய் விவகாரம் பாக்கி இருக்கிறது.

சிவப்பணுவின் மேல் ஹெச் என்று ஒரு கொக்கி. ஏ, பி என்பவை அதில் மாட்டுகிற வெவ்வேறு சர்க்கரைகள். சிலருக்குக் கொக்கியே இருக்காது. ஏ சீட்டு கையில் இருந்தும் மாட்ட இடமில்லை. சாதாரண டெஸ்டில் ஓ என்று வரும். 1952-ல் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் பம்பாயில் கண்டுபிடித்ததால் ‘பம்பாய் க்ரூப்’. கொக்கி இல்லாத இந்தக் குறை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர வேண்டும். அபூர்வம்தான். ஆனால் இவர்களுக்குச் சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு பம்பாய் க்ரூப்காரர்தான் கொடுக்க வேண்டும்.

ஆக, ரத்த வகையை வைத்து ‘இவர்தான் அப்பா’ என்று சொல்லவே முடியாது. ‘இவராக இருக்க முடியாது’ என்று மட்டும், அதுவும் ஜாக்கிரதையாகச் சொல்லலாம். முடிவாகத் தெரிய டி.என்.ஏ. டெஸ்ட்தான். சார்லி சாப்ளின் கதை தலைகீழ். அவர் ஓ, வழக்குப் போட்ட நடிகை ஏ, குழந்தை பி. அவர் அப்பா இல்லை என்று ரத்தம் சொல்லியும் 1945-ல் கலிஃபோர்னியா ஜூரி கேட்கவில்லை. வாரம் 75 டாலர் கட்டச் சொன்னார்கள்!

பாசிட்டிவ், நெகட்டிவ் சமாசாரமும் இதே மாதிரிதான். நெகட்டிவ் என்பது பேசாத சீட்டு. இரண்டு பாசிட்டிவுக்கு நெகட்டிவ் குழந்தை பிறக்கலாம். புது மாப்பிள்ளைகள் கவனிக்க வேண்டியது வேறு: மனைவி நெகட்டிவ், நீங்கள் பாசிட்டிவ் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்ட்டி-டி ஊசி போடுவார்கள். அடுத்த குழந்தையைக் காப்பாற்றுகிற ஊசி.

நண்பர் நாலு மணிக்கே பர்மிஷன் போட்டார். போகும்போது படம் வரைந்த காகிதத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 

“ஸார், பின்பக்கம் ஹெட் ஆபீஸ் சர்க்குலர்!” என்று கத்தினேன். அவர் படியிறங்கிவிட்டார்.