சுண்டுவிரல் நிமிரவில்லையா?

முடக்குவாதத்துடன் பல ஆண்டுகள் வாழ்பவர்களில் சிலருக்கு, ஒரு நாள் திடீரென்று சுண்டுவிரல் நிமிராமல் போகிறது. மற்றொரு கையால் தூக்கிவிட்டால் நிமிரும்; விட்டதும் தொங்கிவிடும். வலி பெரிதாக இருக்காது என்பதால் இதை அலட்சியப்படுத்துபவர்கள் உண்டு. கவனிக்காமல் விட்டால் அடுத்து மோதிரவிரல், பிறகு நடுவிரல் என்று வரிசையாகத் தொங்கலாம்.

விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துபோவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. வீங்கித் தடித்த சவ்வு எலும்பை அரிக்க, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமுள்ள எலும்பின் முனை புறங்கையில் துருத்தி நிற்கிறது. அதன்மேல் ஓடும் நாண், கிணற்று விளிம்பில் உரசும் கயிறுபோல இழை இழையாக நைகிறது. எலும்பில் உரசி நாண் அறுவதை 1948-இல் விவரித்த பிரிட்டிஷ் மருத்துவர் வான்-ஜாக்சனின் பெயராலேயே இந்தப் பாதிப்பு அழைக்கப்படுகிறது.

நைந்து சுருங்கிய முனைகளை நேராக இழுத்துத் தைப்பது கடினம். அதனால் சுண்டுவிரலின் நாணை மோதிரவிரலின் நல்ல நாணோடு பக்கவாட்டில் இணைக்கிறார்கள். கூடுதல் நாண்கள் அறுந்திருந்தால், நிமிர்த்தும் நாண் இரண்டுள்ள சுட்டுவிரலிலிருந்து ஒன்றை இடம் மாற்றுகிறார்கள். துருத்திய எலும்பைச் சீராக்கி, நோயுற்ற சவ்வை அகற்றினால்தான் இந்த இணைப்பு நிலைக்கும். தாமதிக்கத் தாமதிக்க அறுவை சிக்கலாகிறது; பலனும் குறைகிறது.

விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோவது மற்றொரு பாதிப்பு. இதற்கான சிலிகோன் மூட்டை 1960-களில் உருவாக்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஸ்வான்சன். சிதைந்த எலும்பு முனையை வெட்டிவிட்டு, விரல் தொடங்கும் கணுவில் இதைப் பொருத்துகிறார்கள். சுற்றிலும் உடலே ஓர் உறையை வளர்த்துக்கொள்கிறது. விரல்கள் நேராகி, டம்ளரைப் பிடிக்கும் அளவுக்குக் கை விரிகிறது. ஆனால் பிடியின் வலு பெரிதாகக் கூடுவதில்லை. காலப்போக்கில் சிலிகோன் உடையவும் கூடும்.

கட்டைவிரலின் நடு மூட்டுக்கு வேறு வழி. எலும்புகளை ஒன்றாக இணைத்து மூட்டை அசையாமல் செய்துவிடுகிறார்கள். அசைவு போனாலும் வலி நீங்கி, சாவியைத் திருப்பும் உறுதி கிடைக்கிறது.

1980-களில் பரவலான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும், 1990-களின் இறுதியில் வந்த உயிரியல் மருந்துகளும் பல நாடுகளில் இத்தகைய அறுவைகளின் தேவையைக் குறைத்துள்ளன. நோயைத் தொடக்கத்திலேயே அடக்கினால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். அறுந்த நாணை மட்டும் மருந்தால் ஒட்டவைக்க முடியாது.

அறுவைக்கு முன் கழுத்தெலும்பையும் பரிசோதிப்பது முக்கியம். முடக்குவாதம் அங்கும் மூட்டுகளைத் தளர்த்தியிருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்து. எந்த மருந்தைத் தொடர்வது, எதை நிறுத்திவைப்பது என்பதை மூட்டுவாத மருத்துவர் முடிவு செய்வார். அறுவைக்குப் பின் ஸ்பிளிண்ட் அணிந்தபடி, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளை வாரக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும்.