மருந்துக் கிடங்கில் கணக்காயர்

திருவனந்தபுரம் எம்.ஜி. சாலையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் பணிக்குச் சேரும் இளைஞர், காலம் முழுவதும் செலவுச் சீட்டுகளைச் சரிபார்ப்பதே தமது வேலை என்று எண்ணினால் அது பாதி உண்மைதான். துறைத் தேர்வில் தேறித் தணிக்கை அதிகாரியான பின், அரசு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் நின்று இருப்புப் பதிவேட்டைக் கேட்பவரும் அவரே. பணம் முறையாகச் செலவானதா என்பதோடு, அதனால் நோயாளிக்குப் பயன் கிடைத்ததா என்றும் கேட்பது "செயல்திறன் தணிக்கை".

அத்தகைய தணிக்கை என்ன செய்ய முடியும் என்பதைக் கேரளம் 2025 ஜனவரியில் கண்டது. பொது சுகாதாரக் கட்டமைப்பு குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை அப்போது சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. கரோனா பரவத் தொடங்கிய 2020-இல் பாதுகாப்புக் கவச உடை ஒன்றுக்கு அரசு நிர்ணயித்த விலை ரூ. 545. ஆனால், கேரள மருத்துவப் பணிகள் கழகம் ரூ. 1,550 வரை கொடுத்து வாங்கியது என்றும், இதனால் ரூ. 10.23 கோடி கூடுதல் செலவானது என்றும் அறிக்கை கூறியது.

எதிர்க்கட்சியினர் இதை ஊழல் என்றனர். எங்கும் தட்டுப்பாடு நிலவிய நேரத்தில், மருத்துவப் பணியாளர்களின் உயிரைக் காக்கவே அந்த விலைக்கு வாங்க நேர்ந்தது என்று ஆளுங்கட்சியினர் விளக்கினர். நெருக்கடியில் விதிகள் தளர்வது இயல்பே. ஆயினும், எவ்வளவு தளர்ந்தன, ஏன் தளர்ந்தன என்பதற்குப் பதிவு இருந்தாக வேண்டும். அதைக் கேட்பதே கணக்காயரின் கடமை.

இதில் தமிழகத்துக்கும் பாடம் உண்டு. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்ய 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமே கேரளம் உள்ளிட்ட மாநிலங்களுக்கு முன்மாதிரி. கொள்முதல் ஓரிடத்தில் குவியும்போது விலை குறைகிறது. தவறு நேர்ந்தால் அதன் அளவும் பெருகுகிறது.

இந்தியத் தணிக்கையாளர்களின் இத்திறனை உலகமும் ஏற்றுள்ளது. உலக சுகாதார அமைப்பின் வெளித் தணிக்கையாளராக இந்திய சி.ஏ.ஜி. 2019-இல் தேர்வு செய்யப்பட்டார். 2023-இல் மீண்டும் தேர்வானார்.

ஆனால், தணிக்கையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அரசியல் சாசனத்தின் 151-ஆவது பிரிவின்படி மாநில அறிக்கை ஆளுநருக்குச் செல்கிறது. அவர் அதைப் பேரவையில் வைக்கச் செய்கிறார். பின்னர் பொதுக் கணக்குக் குழு அதை ஆராய வேண்டும். நாடாளுமன்றத்தில் 1967 முதல் அக்குழுவின் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கே வழங்கப்பட்டு வருவதும், ஆள்வோரைக் கேள்வி கேட்பதற்காகத்தான்.

அறிக்கை வெளியாகும் நாளில் எழும் கூச்சல், குழுவின் விசாரணை வரை நீடிப்பதில்லை. கிடங்கில் நின்று கணக்காயர் கேட்ட கேள்விக்கு விடை பெறும் பொறுப்பு உறுப்பினர்களுடையது. அவர்கள் அதை மறந்தால், அறிக்கையும் இன்னொரு கோப்பாகக் கிடங்குக்கே போய்ச் சேரும்.