திண்டிவனத்தில் ஓர் இரவு

விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நின்றுவிட்டால் டீயும் பேச்சும்தான். சபைக்காரர்கள் அப்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: போட்ட திட்டம் பாதியில் முறிந்தால் அதையும் தேவசித்தம் என்று ஏற்க வேண்டுமா? ஒரே வார்த்தையில் "ஆமாம்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, திண்டிவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1890-ல் ஐடா ஸ்கடர் அங்கே வந்தார். ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்த, இருபது வயதுகூட நிறையாத பெண். தாத்தா காலத்திலிருந்தே மிஷனரிக் குடும்பம்; அப்பா ஜான் ஸ்கடர் டாக்டர். மகளுக்கோ அந்த வாழ்க்கையே வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் வந்தார். தேறியதும் திரும்பிவிடுவதாக எண்ணம்.

ஓர் இரவு பிராமணர் ஒருவர் பங்களாவுக்கு ஓடி வந்தார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வர வேண்டும் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பாவை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து. அதே கெஞ்சல், அதே மறுப்பு. வைத்தியம் தெரிந்தவர் அதே வீட்டில் இருந்தும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு டாக்டரை அழைக்கக் கர்த்தர் மூன்று தாய்களைச் சாகவிட்டார் என்று யாராவது சாட்சி சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அந்தச் சாவுகளுக்குக் காரணம் மனிதர் போட்ட கட்டுப்பாடு. அழைப்பு அதற்குப் பிறகு வருகிறது: கேட்டுவிட்ட குரலை என்ன செய்யப்போகிறாய் என்பதாக. மாற்கு 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சாகக் கிடக்கும் யவீருவின் மகளைப் பார்க்க இயேசு போகிறார். வழியில், 12 வருஷமாகப் பெரும்பாடுள்ள ஸ்திரீ அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். அதற்குள் மகள் இறந்த செய்தி வருகிறது. யவீருவுக்கு அந்தத் தாமதம் எவ்வளவு வலித்திருக்கும்! அந்த வலியை வேதம் மறைக்கவில்லை. ஆனாலும் இயேசு அந்த ஸ்திரீயை இடைஞ்சல் என்று தள்ளவில்லை. யவீருவின் வீட்டுக்கும் போகாமல் விடவில்லை.

ஐடாவும் தள்ளவில்லை. அமெரிக்கா போய், கார்னெலில் மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் பெற்றார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்று 1900-ல் திரும்பினார். அந்த வருஷமே அப்பா காலமானார். மறுபடியும் திட்டம் முறிந்தது. வேலூர் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. தான் ஒருத்தி மட்டும் போதாது, இந்த மண்ணின் பெண்களே டாக்டராக வேண்டும் என்று 1918-ல் அவர்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்தார். இன்றைய சி.எம்.சி. கல்லூரி அதுதான். அங்கே மருத்துவம் படிக்க ஆண்களைச் சேர்த்தது 1947-ல்தான்.