இரு நிரல் நூலகங்களுக்கிடையே ஒரு பாலம்

குடியிருக்கும் வீட்டின் அத்திவாரத்தை ஒரே நாளில் மாற்றவியலாது. இயங்கிக்கொண்டிருக்கும் கணினி நிரலும் அத்தகையதே. ஸ்காலா என்னும் கணினிமொழியிற் சார்புமுறையில் நிரலெழுதுவோர், ஆயத்தச் சார்புகளின் தொகுதியாகிய ஸ்காலாசெட் நூலகத்தை நெடுங்காலம் கையாண்டனர். 2015இல் காட்ஸ் என்னும் வேறொரு நூலகம் தோன்றியது. இரண்டின் கருத்தும் ஏறத்தாழ ஒன்றே. செயல்களைத் தொடுக்கும் ‘மொனாட்’ இரண்டிலும் உண்டு. ஆயினும் நிரலைச் சோதிக்கும் தொகுப்பிக்கு, பெயரொன்றாயினும் இரண்டும் அந்நியமே.

இவற்றிடையே ஷிம்ஸ் என்னும் சிறு நூலகம் பாலமாயிற்று. மொனாட் போன்ற பண்பை ஒன்று அறிந்தால் மற்றதும் தானாக அறியும். பெறுமதிகளோ அவ்வாறு மாறா. ‘வெற்றி அல்லது பிழை’ என்னும் விடையை இட ஸ்காலாசெட்டிற்குத் தனி உறை உண்டு. காட்ஸோ 2016இல் தன் சொந்த உறையைக் கைவிட்டு, ஸ்காலாவிலேயே உள்ள ‘ஈதர்’ என்பதை ஏற்றது. ஆதலால் விடை எல்லை கடக்குமிடந்தோறும் மாற்றக் கட்டளையைக் கையால் எழுதவேண்டும். சலிப்பான வேலைதான், எனினும் பழையது எங்கே முடிகின்றது என்பதை அக்கட்டளையே காட்டுகின்றது. பட்டியலில் ஆயிரம் விடைகள் இருப்பின் ஆயிரத்தையும் மாற்றவேண்டும். எனவே எல்லையை அடிக்கடி கடக்கும் பகுதிகளை முதலிற் புதியதற்குக் கொண்டுசெல்வது நன்று. ஸ்காலாசெட்டை நாடும் கடைசிப் பகுதி நீங்கியதும் ஷிம்ஸையும் கழற்றிவிடலாம்.