பழைய மின்னஞ்சல் எப்போது அழியும்?

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 2013இல் 'கேப்ஸ்டோன்' என்றொரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கடிதமாகப் பிரித்துப் பார்த்து வைப்பதா, அழிப்பதா என்று முடிவெடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? எனவே கடிதத்தை விட்டுவிட்டு, நாற்காலியைப் பார்த்தார்கள். உயர் அரசு அதிகாரிகளின் அஞ்சல் நிரந்தரமாகக் காக்கப்படும். மற்ற ஊழியர்களுக்குப் பொதுவாக 7 ஆண்டு, எழுத்தர் போன்ற உதவிப் பணியாளர்களுக்கு 3 ஆண்டு. கொஞ்சம் முரட்டுத்தனமான அளவுகோல்தான். ஆனால் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

சர்வரில் இதை எப்படிச் செய்வது? ஒவ்வொரு பயனருக்கும் அல்லது குழுவுக்கும் ஒரு காலவரம்பு எழுதிவைக்கப்படும். இரவில் தானாக ஓடும் ஒரு நிரல் அதைப் படித்து, கெடு தாண்டியவற்றை நீக்கும்.

சிக்கல், வயதை எங்கிருந்து கணக்கிடுவது என்பதில்தான். கடிதத்தின் தலைப்பில் உள்ள தேதியை அனுப்புபவரின் கணினி எழுதுகிறது. அதன் கடிகாரம் தவறினால் தேதியும் தவறும். சர்வர் பெற்றுக்கொண்ட தேதி நம்பகமானது. ஆனால் குப்பைத்தொட்டிக்கு அதுவும் சரிப்படாது: ஐந்து வருடப் பழைய கடிதத்தை இன்று தவறுதலாகத் தள்ளினால், இன்றிரவே போய்விடும். அதனால்தான் டவ்காட் போன்ற அஞ்சல் சர்வர் மென்பொருள்கள், கடிதம் அந்தப் பெட்டிக்குள் வந்துசேர்ந்த நாளைத் தனியே குறித்துக்கொள்கின்றன. குப்பையில் விழுந்த நாளிலிருந்து 30 நாள் என்று அப்போது சொல்லலாம்.

வழக்கு ஏதேனும் தொடங்கினால், சம்பந்தப்பட்டவர்களின் பெட்டிகளில் இந்த அழிப்பை உடனே நிறுத்திவைக்க வேண்டும்.