எந்த ‘இது’?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகளோடு பொறியியற் கல்லூரிகளும் எழுந்துள்ளன. அங்கே பார்வை மிகக் குன்றிய மாணவன் ஒருவன் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதி, "இதிலிருந்து இது வருகிறது" என்கிறார். எந்த ‘இது’? அவனுக்கு அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல ஆசிரியருக்கு என்ன செலவு? செவித்திறன் குன்றிய மாணவிக்கோ, அவர் பலகையை நோக்காமல் வகுப்பை நோக்கிப் பேசுவதே பேருதவி.

தேர்வில் கூடுதல் நேரம் தருவது பிற மாணவருக்கு அநீதி என்பாரும் உளர். தேர்வு அளப்பது அறிவையா, கைவேகத்தையா? 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு நெறிமுறைகள், சொல்வதை எழுதுபவரையும் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தையும் அனுமதித்தன. எழுதுகையில் கை இறுகிக்கொள்ளும் நோயுற்ற ஒருவருக்கு, ஊனம் 40 விழுக்காட்டை எட்டவில்லை என்று இவ்வுதவி மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆயினும், பெற்றோராகிய நாம் கல்லூரியில் சேர்க்கும்போது பிள்ளையின் குறையை மறைத்துவிடுகிறோமே! முதல் வாரத்திலேயே சான்றிதழுடன் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். தேர்வு நெருங்கியபின் ஓடினால், எழுதித்தர ஆள் கிடைப்பது அரிது.