மூச்சையும் ஈரலையும் ஒருங்கே தாக்கும் பரம்பரைக் குறைபாடு

நுரையீரல் நோய் என்றதும் புகைத்தலும் ஈரல் நோய் என்றதும் மதுவும் நினைவுக்கு வருவது எமது சமூகங்களில் வழக்கமாகிவிட்டது. நோயாளியைப் பார்க்க வருவோர் அவரது நோயை விடப் பழக்கவழக்கங்களைப் பற்றியே அதிகம் விசாரிப்பதுண்டு. இவ்விரண்டும் உடலுக்குப் பெருங்கேடு விளைவிப்பன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றைத் தொட்டறியாத ஒருவர் நடுத்தர வயதில் மூச்சுத்திணறலுக்கு ஆளாவதும், பிறந்து சில வாரங்களேயான குழந்தையின் ஈரல் பழுதடைவதும் நிகழ்கின்றன. இத்தகைய நிலைமைகளுக்குரிய காரணங்களுள் ஒன்றே அல்பா-1 அன்டிட்ரிப்சின் குறைபாடு எனப்படும் பரம்பரை நோயாகும்.

அல்பா-1 அன்டிட்ரிப்சின் என்பது பெருமளவில் ஈரலில் உற்பத்தியாகிக் குருதியின் மூலம் நுரையீரலைச் சென்றடையும் ஒரு புரதமாகும். நுரையீரலினுள் நுழையும் கிருமிகளை அழிப்பதற்காக வெண்குருதிக் கலங்கள் எலாஸ்டேஸ் என்னும் நொதியத்தைச் சுரக்கின்றன. கிருமிகளை அழிக்கும் அந்நொதியம் கட்டுப்பாடின்றி விடப்படுமாயின் நுரையீரலின் மீள்தன்மையுள்ள இழையங்களையும் அரித்துவிடும். அதனைக் கட்டுப்படுத்தும் காவலனே இப்புரதம். காவலன் இல்லாதவிடத்து நுண்ணிய காற்றறைகள் சிதைந்து எம்பிசீமா என்னும் நோய் உருவாகின்றது.

இப்புரதம் பற்றிய உண்மை சுவீடன் நாட்டில் வெளிப்பட்டது. மல்மோ நகரில் கார்ல்-பெர்டில் லோரெல், ஸ்டென் எரிக்சன் என்னும் வைத்தியர்கள் சுமார் 1,500 குருதி மாதிரிகளைப் பரிசோதித்தபோது, ஐந்து மாதிரிகளில் குறிப்பிட்ட ஒரு புரதப் பட்டை காணப்படாதிருப்பதை அவதானித்தனர். அந்த ஐவரில் மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. 1963 ஆம் ஆண்டு அவர்கள் இதனை வெளியிட்டனர். 1969 இல் அமெரிக்க வைத்தியர் ஹார்வி ஷார்ப், இதே குறைபாடுடைய சிறுவர்களின் ஈரல் வடுப்பட்டுச் சுருங்குவதை எடுத்துக்காட்டினார்.

ஒரே குறைபாடு இரண்டு உறுப்புகளை இரு வேறு வழிகளில் தாக்குவது எவ்வாறு? நோயின் கடுமையான வடிவத்துக்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது இசட் எனப்படும் பரம்பரையலகு மாற்றமாகும். இம்மாற்றத்தினால் உருவாகும் புரதம் உருக்குலைந்து, ஒன்றோடொன்று சங்கிலியாகப் பின்னி, ஈரற் கலங்களுக்குள்ளேயே தேங்கிவிடுகின்றது. குருதியை வந்தடைவது சிறு பங்கு மாத்திரமே. எனவே புரதத்தின் தேக்கத்தினால் ஈரலும், அதன் பற்றாக்குறையினால் நுரையீரலும் பாதிக்கப்படுகின்றன.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெறும் பிள்ளைக்கே கடுமையான குறைபாடு உண்டாகின்றது. பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பிரதியை மட்டும் காவுபவர்களாயின், ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். பிள்ளை நோயுடன் பிறந்தால் தாயின் மீது பழி சுமத்தும் மனப்போக்கு இன்னமும் முற்றாக மறையவில்லை. பரம்பரை விதியோ இருவரின் பங்கும் சமமானதென்றே கூறுகின்றது.

இசட் மாற்றம் வட ஐரோப்பிய வழித்தோன்றல்களிடையே அதிகமாகவும் தெற்காசியர்களிடையே அரிதாகவும் காணப்படுவதனால் இங்கு எவரும் பீதியடைய வேண்டியதில்லை. எனினும் இதே நான்கில் ஒன்று என்னும் விதியே எமது நாட்டில் நன்கறியப்பட்ட தலசீமியா நோய்க்கும் பொருந்துகின்றது. நெருங்கிய உறவினுள் மணம் முடிக்கும் வழக்கம் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் நிலவுவதால், அத்தகைய தம்பதியர் ஒரே மாற்றத்தைக் காவும் வாய்ப்புக் கூடுதலாகும் என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

பரம்பரை நோய் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறானது என்பதற்குச் சுவீடனின் அனுபவமே சான்றாகும். அங்கு 1972 தொடக்கம் 1974 வரை சுமார் 200,000 சிசுக்கள் பரிசோதிக்கப்பட்டு, கடுமையான குறைபாடுடைய 127 பேர் இனங்காணப்பட்டனர். அவர்களில் 14 பேருக்கே நீடித்த மஞ்சட்காமாலை தோன்றியது. பெரும்பாலானோர் ஆரோக்கியமாகவே வளர்ந்தனர். தமது நிலையைச் சிறுவயதிலேயே அறிந்திருந்தமையால் அவர்களுள் புகைக்கத் தொடங்கியோர் மிகக் குறைவு. அதேவேளை, செய்தியறிந்த பெற்றோர் பலர் கடும் மனவுளைச்சலுக்கு உள்ளாகியமையால் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பரிசோதனையின் முடிவைச் சொல்வதுடன் வைத்தியரின் கடமை முடிந்துவிடுவதில்லை, தக்க ஆலோசனையும் ஆறுதலும் உடனிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

இக்குறைபாடுடையோர் புகைப்பாராயின் முப்பதுகளிலும் நாற்பதுகளிலுமே மூச்சுத்திணறல் ஆரம்பித்துவிடும். புகைக்காதவர்களுக்கோ அது பல ஆண்டுகள் பிந்தியே வருகின்றது. சிலர் முதுமைவரை நலமாக வாழ்கின்றனர். சிகரெட் புகை வெண்குருதிக் கலங்களை நுரையீரலுக்குள் வரவழைப்பதுடன், எஞ்சியிருக்கும் சிறிதளவு புரதத்தையும் செயலிழக்கச் செய்கின்றது. ஆகவே புகையைத் தவிர்த்தலே முதன்மையான மருந்து எனலாம். வீட்டில் பிறர் புகைப்பது, காற்றோட்டமற்ற அடுப்படியின் விறகுப் புகை, தொழிலிடத்துத் தூசி ஆகியனவும் தவிர்க்கப்பட வேண்டும்.

துரதிர்ஷ்டவசமாக, நோயாளர் பலர் நீண்டகாலம் தொய்வு நோயாளர்களாகவே கருதப்பட்டுச் சிகிச்சை பெறுகின்றனர். அமெரிக்காவில் 1990களில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், முதல் அறிகுறிக்கும் சரியான நோய் நிர்ணயத்துக்கும் இடையே சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தமை தெரியவந்தது. நாட்பட்ட சுவாசத்தடை நோயுள்ளோர் அனைவரும் ஒரு தடவையேனும் இதற்கெனப் பரிசோதிக்கப்பட வேண்டும் என 1997 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் பரிந்துரைத்தனர். குருதியில் இப்புரதத்தின் அளவைக் கணிப்பதே முதற்படியாகும். தொற்று உள்ள வேளையில் அளவு தற்காலிகமாக உயரக்கூடுமாகையால், நலமாக இருக்கும்போது பரிசோதிப்பதே சிறந்தது. குறைபாடு உறுதியானால் சகோதரர்களும் பிள்ளைகளும் பரிசோதிக்கப்படுதல் வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, மூச்சுக்குழாயை விரிவடையச் செய்யும் மருந்துகள், முறையான உடற்பயிற்சி, இன்புளுவென்சா மற்றும் நியூமோகொக்கல் தடுப்பூசிகள் என்பன நுரையீரலுக்கு உதவுகின்றன. ஈரலைக் காப்பதற்கு மதுவைத் தவிர்ப்பதும் உடற்பருமனைக் கட்டுப்படுத்துவதும் ஈரலழற்சித் தடுப்பூசிகளைப் பெறுவதும் அவசியம். கொடையாளரின் குருதித் திரவவிழையத்திலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை வாரந்தோறும் நாளத்தினூடாக ஏற்றும் சிகிச்சை 1987 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அது நுரையீரல் சிதைவின் வேகத்தைக் குறைக்கின்றதேயன்றி நோயைக் குணப்படுத்துவதில்லை, ஈரலுக்கும் பயன்தருவதில்லை. அதன் விலையும் மிக அதிகம். ஈரல் முற்றாகப் பழுதடைந்தால் மாற்றுச் சத்திரசிகிச்சை ஒன்றே வழி. புதிய ஈரல் சரியான புரதத்தையே உற்பத்தி செய்யும்.

ஆகவே, சிசுவின் மஞ்சட்காமாலை இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடித்தாலோ, மலம் வெளிறியும் சிறுநீர் கடுநிறமாகவும் காணப்பட்டாலோ, அதற்குப் பல காரணங்கள் இருக்கலாமெனினும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இளவயதில் மூச்சுத்திணறல் கொண்டோர் தமது குடும்பத்தில் நுரையீரல் நோயோ ஈரல் நோயோ இருந்ததா என்பதை மறைக்காது வைத்தியரிடம் எடுத்துரைக்க வேண்டும். பரம்பரை நோய் எவரது குற்றமுமன்று. திருமணப் பேச்சுகள் பாதிக்கப்படுமென அஞ்சி அதனை மூடிமறைக்கும் குடும்பம், அடுத்த தலைமுறை தன்னைக் காத்துக்கொள்வதற்கான வாய்ப்பையே பறித்துவிடுகின்றது.